காமன் பொட்டலில் ஃபோகஸ் தேடும் லென்ஸ்

பகல் வெளிச்சத்தில் என் சின்ன மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத வகை) கெமராவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலையில் கொழுந்து பறிக்கும் விரல்களைக்கூட டக்கென்று பிடித்துவிடும். பொழுது சாய்ந்தால்தான் சிக்கல். ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் லென்ஸ் கிட்டே வரும், தூரப் போகும், மறுபடி கிட்டே வரும். கடைசியில் ஃபோகஸ் கட்டம் பச்சையாகாமலே நின்றுவிடும். அதற்குள் ஆடுகிறவர் அடுத்த சுற்றுக்குப் போயிருப்பார்.

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் மாசி மாதம் மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும். எங்கள் தோட்டத்துக் கூத்தைப் படமெடுக்கும் பொறுப்பு இந்த முறை என் தலையில் விழுந்தது. கூத்து இரவில். வெளிச்சம் என்று இருப்பது கூத்தாடும் வெளியான காமன் பொட்டலைச் சுற்றி மரக்கம்புகளில் கட்டிய சில ட்யூப் லைட்டும், பிறகு வரும் தீப்பந்தங்களும்தான். ஃபிளாஷ் போட்டால் ஆடுகிறவர்களின் கண் கூசும், பந்த வெளிச்சத்தின் நிறமும் செத்துவிடும். நல்ல எஃப் 1.4 லென்ஸ் ஒன்று (எஃப் எண் சிறிதானால் உள்ளே வரும் ஒளி கூடும்) வாங்கலாமே என்று யாரும் கேட்கலாம். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு அந்த லென்ஸின் விலை எங்கே நிற்கிறது என்று கண்டியில் ஒரு கடையில் விசாரித்தேன். கடைக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

ஆக, கையில் இருப்பதை வைத்துத்தான் வேலை. ஏபிஎஸ்-சி அளவு (பழைய 35 மி.மீ. பிலிம் சட்டத்தைவிடச் சிறிய) சென்சர் உள்ள கெமரா, அதோடு வந்த 16–50 மி.மீ. கிட் லென்ஸ் (எஃப் 3.5 முதல் 5.6 வரை). டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்த மாமா கொடுத்த பழைய பிலிம் காலத்து லென்ஸ் இரண்டு: 28 மி.மீ. எஃப் 2.8, 50 மி.மீ. எஃப் 1.8. அவற்றைக் கெமராவில் மாட்ட ஒரு மலிவு அடெப்டர், ஒரு டோர்ச், தேயிலைப் பெட்டி அட்டை, ஒட்டும் டேப். கூத்துக்கு முன்பிருந்த இரவுகளில் இவற்றை வைத்துச் செய்து பார்த்தவை இங்கே.

லென்ஸ் ஏன் அலைகிறது

மிரர்லெஸ் கெமராவில் ஃபோகஸ் பார்க்கத் தனி உறுப்பு கிடையாது. படம் பதியும் சென்சரே அந்த வேலையையும் செய்கிறது. 2008இல் வந்த பெனசொனிக் ஜி1 போன்ற ஆரம்பகால மிரர்லெஸ் கெமராக்கள் கொன்ட்ராஸ்ட் முறையை மட்டுமே நம்பின. லென்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, எந்த இடத்தில் விளிம்புகள் மிகக் கூர்மையாகின்றன என்று பார்ப்பது அந்த முறை. பழைய ரேடியோவில் குமிழைத் திருப்பி ஸ்டேஷன் பிடிப்பது மாதிரி, தாண்டிப் போனால்தான் தாண்டிவிட்டோம் என்று தெரியும். முன்னும் பின்னுமான அந்த ஆட்டம் இதனால்தான்.

மற்றது ஃபேஸ் முறை. சென்சரில் சில பிக்சல்களின் பாதியை மறைத்து, லென்ஸின் இடப்பக்கம் வழியாக வரும் ஒளியையும் வலப்பக்கம் வழியாக வரும் ஒளியையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். இரண்டு பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஃபோகஸ் சரி. விலகியிருந்தால் லென்ஸை எந்தப் பக்கம், எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை அந்த விலகலே சொல்லிவிடும். 2010இல் ஃபுஜிஃபில்ம் ஒரு கையடக்கக் கெமராவில் இதைக் கொண்டுவந்தது. 2011இல் இதே முறையோடு நிகோன் 1 வரிசை வந்தது. 2013இல் கெனன் 70டி பிக்சல்களையே இரண்டாகப் பிரித்தது. இப்போது வரும் கெமராக்களில் பெரும்பாலானவை இரண்டு முறையையும் கலந்துதான் வேலை செய்கின்றன.

இருட்டில் இந்தக் கூட்டு உடைகிறது. பாதி மறைத்த பிக்சலுக்கு ஒளியும் பாதிதான். அந்தக் கொஞ்ச ஒளியில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் ஏறும்போது, இடப் பிம்பத்தையும் வலப் பிம்பத்தையும் பொருத்திப் பார்க்க முடியாமல் பல கெமராக்கள் கொன்ட்ராஸ்ட் முறைக்கே திரும்பிவிடுகின்றன. இன்னொன்றும் நடக்கிறது. இருட்டில் சென்சர் ஒவ்வொரு காட்சியையும் கூடுதல் நேரம் திறந்து வாசிக்க வேண்டியிருக்கிறது. நொடிக்கு 60 காட்சி பார்த்த இடத்தில் 15 பார்த்தால், பல காட்சிகளை ஒப்பிட்டு முடிவெடுக்கும் முறைக்கு நாலு மடங்கு நேரம் பிடிக்கும். கெமரா சோம்பேறியாகிவிட்டது என்று நாம் நினைப்பது இதைத்தான்.

இரண்டு முறைக்கும் பொதுவான ஒன்று உண்டு. இரண்டுக்குமே ஒரு விளிம்பு வேண்டும், கறுப்பும் வெள்ளையும் சந்திக்கிற ஒரு கோடு. வெளிச்சம் கொட்டிக் கிடந்தாலும் வெறும் வெள்ளைச் சுவரில் ஃபோகஸ் பிடிக்காது. மங்கல் வெளிச்சத்திலும் கட்டம் போட்ட சாரத்தில் பிடிக்கும். இதைப் பிடித்துக்கொண்டதும் அடுத்து என்ன செய்வது என்று எனக்கு ஒரு வழி தெரிந்தது.

பொட்டலில் எவ்வளவு வெளிச்சம்

கெமராவின் கைநூலில் ஓட்டோ ஃபோகஸ் எத்தனை ஈவி (வெளிச்சத்தின் அளவு) வரை வேலை செய்யும் என்று ஒரு வரி இருக்கும். பூச்சியம் ஈவி என்றால் ஐஎஸ்ஓ (சென்சரின் ஒளியுணர்வு) 100, எஃப் 1, ஒரு நொடி கேட்கும் வெளிச்சம். ஒரு எண் குறைந்தால் வெளிச்சம் பாதி. பௌர்ணமி நிலவில் தெரியும் தேயிலை மலை ஏறக்குறைய −2, −3 பக்கம் இருக்கும். என் கைநூலில் −2 என்று போட்டிருக்கிறது. ஆனால் அதே வரியில் ‘எஃப் 2 லென்ஸுடன்’ என்றும் இருக்கிறது. அந்தச் சொற்களை யாரும் வாசிப்பதில்லை. கிட் லென்ஸை 50 மி.மீ.க்கு நீட்டினால் அது எஃப் 5.6. எஃப் 2இலிருந்து மூன்று படி கீழே, அதாவது ஒளி மூன்று தடவை பாதியாகிறது. கணக்குப்படி −2 என்பது +1 ஆகிவிடுகிறது.

கூத்துக்கு லைட் கட்டிப் பார்த்த மாலையில் பொட்டலுக்குப் போய் அளந்தேன். தனி மீற்றர் தேவையில்லை, கெமராவே போதும். ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8, ஐஎஸ்ஓ 3200, 1/60 நொடி காட்டியது. இது ஏறக்குறைய 2½ ஈவி. ஓரத்தில், ஆடுகிறவர்கள் திரும்பும் இடத்தில், ஐஎஸ்ஓ 6400, 1/15. அது பூச்சியத்துக்கும் கொஞ்சம் கீழே. நடுவில் நின்றால் கிட் லென்ஸ் தடுமாறியாவது பிடிக்கும், ஓரத்தில் பிடிக்கவே பிடிக்காது. எண்ணைப் பார்த்ததும் கெமராவைத் திட்டுவதை விட்டுவிட்டேன்.

எஃப் 1.8க்கும் எஃப் 5.6க்கும் நடுவே ஒளியில் கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம். அதனால் கிட் லென்ஸால் எடுக்க வேண்டியிருந்தால் 16 மி.மீ. பக்கம், எஃப் 3.5இல் வைத்துக்கொண்டு கிட்டப் போய் எடுப்பதே மேல். அகலத்தில் ஃபோகஸ் பிடித்துவிட்டுப் பிறகு ஸூம் செய்யலாமே என்றால், இந்த வகை லென்ஸில் ஸூம் செய்தால் ஃபோகஸும் நகர்ந்துவிடும்.

காம்பராவில் செய்த சோதனை

லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) மற்ற லைட்டெல்லாம் அணைத்து ஒரு சீரோ பல்பை மட்டும் எரியவிட்டேன். எதிர்ச் சுவரில் கொடி கட்டி, அதில் ஒரு கம்பளி, ஒரு கட்டம் போட்ட சாரம், அம்மாவின் சரிகைக் கரைச் சீலை ஒன்று. கெமராவை மேசைமேல் வைத்து, ஒவ்வொரு தடவையும் ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டு பாதி அழுத்தினேன்.

கம்பளியில் லென்ஸ் அலைந்து அலைந்து தோற்றது. சாரத்தில் கொஞ்சம் யோசித்துப் பிடித்தது. சீலைக் கரைதான் சுவாரசியம். கரை செங்குத்தாகத் தொங்கினால் உடனே பிடித்தது, அதையே கிடையாக மடித்துப் போட்டால் அலைந்தது. கெமராவை நிமிர்த்தி, போர்ட்ரெய்ட் எடுப்பதுபோலப் பிடித்தால் கிடையான கரையிலும் பிடித்தது. ஏன் என்பதற்குக் கீழே வருகிறேன்.

ஃபோகஸ் கட்டத்தின் அளவையும் மாற்றிப் பார்த்தேன். மிகச் சின்னக் கட்டம் துல்லியம் என்று பகலில் தோன்றும். இருட்டில் அதற்குள் போதிய விளிம்பு அகப்படுவதில்லை. நடுத்தரக் கட்டம், அதுவும் நடுவில், இதுதான் தேறியது. கெமராவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும் அகலக் கட்டத்தில் வைத்தால் அது நேரே பல்பைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு கைப்பழக்கம்: முதலில் வளையத்தைக் கையால் திருப்பி ஏறக்குறைய அந்தத் தூரத்துக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு பாதி அழுத்தினால், லென்ஸ் ஓடவேண்டிய தூரம் குறைவு, அலைச்சலும் குறைவு.

கெமராவின் முன்னால் இருக்கும் ஃபோகஸ் உதவி விளக்கு இரண்டு மூன்று மீற்றர் வரை நன்றாகவே உதவியது. லென்ஸுக்கு ஹூட் (முன் மறைப்பு) மாட்டினால் அதன் நிழல் விழுந்து பாதி வேலை கெட்டுப்போகிறது, அதைக் கழற்றிவிட வேண்டும்.

தேயிலைப் பெட்டி அட்டையில் இரண்டு ஓட்டை

இது தேவைக்குச் செய்ததைவிட ஆசைக்குச் செய்தது. அட்டையில் லென்ஸின் வாயளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, அதில் 6 மி.மீ. அகல ஓட்டை இரண்டு போட்டேன், நடுவுக்கு நடு 16 மி.மீ. இடைவெளி. அதை 50 மி.மீ. லென்ஸின் முன்னால் டேப் போட்டு ஒட்டி, எதிர் மலையில் மேட்டு லயத்து வாசல் பல்பைப் பார்த்தேன்.

ஃபோகஸ் விலகியிருக்கும்போது ஒரு பல்ப் இரண்டாகத் தெரிந்தது. வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகின. தாண்டித் திருப்பினால் மறுபடி பிரிந்தன. ஒரு ஓட்டையை விரலால் மறைத்தால் இரண்டில் ஒன்று மறையும். எது மறைகிறது என்பதை வைத்து லென்ஸ் கிட்டப் பார்க்கிறதா, தூரப் பார்க்கிறதா என்று சொல்லிவிடலாம். ஜெர்மன் வானியலாளர் கிறிஸ்டோஃப் ஷைனர் 1619இலேயே கண்ணைப் பற்றிய ஆராய்ச்சியில் இந்த இரட்டைத் துளை வித்தையை விவரித்திருக்கிறார். சென்சரில் பாதி மறைத்த பிக்சல்கள் செய்வதும் இதே வேலைதான்.

சீலைக் கரையின் புதிருக்கும் விடை இங்கேதான். ஓட்டைகள் இடம் வலமாக இருக்கும்போது கோயில் வாசலில் நிமிர்த்திக் கட்டிய ட்யூப் லைட்டைப் பார்த்தால் இரண்டு கோடு தெரிகிறது. இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) கிடையாக மாட்டிய ட்யூப் லைட்டைப் பார்த்தால் ஒரே கோடுதான் தெரிகிறது. பிம்பம் விலகுவது அந்தக் கோட்டின் நீளத்தோடேயே என்பதால் விலகல் கண்ணில் படுவதில்லை. பெரும்பாலான மிரர்லெஸ் சென்சர்களில் ஃபேஸ் பிக்சல்கள் இடம் வலமாகத்தான் பிரிந்திருக்கின்றன. அதனால் செங்குத்துக் கோட்டில் சுறுசுறுப்பு, கிடைக்கோட்டில் தடுமாற்றம். 2022இல் வந்த ஓஎம்-1 மாதிரி 1,053 புள்ளியும் குறுக்கும் நெடுக்கும் பார்க்கும் கெமராக்கள் இருக்கின்றன. நமக்கு இருப்பது இது. தகரக் கூரையின் ஓரம், படிக்கட்டு, திண்ணை விளிம்பு, எல்லாம் கிடைக்கோடு. அங்கே ஃபோகஸ் அலைந்தால் கெமராவைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துப் பூட்டிவிட்டு, நிமிர்த்தி எடுத்தால் ஆயிற்று.

பழைய லென்ஸுக்குப் புதுக் குறி

எத்தனை உபாயம் செய்தாலும், பொட்டல் ஓரத்தில் வேகமாக ஆடுகிறவரை ஓட்டோ ஃபோகஸ் பிடிக்காது என்று சோதனையிலேயே தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் ஃபோகஸ் வேலையைக் கெமராவிடமிருந்து பிடுங்கிக்கொள்வதுதான் ஒரே வழி. தூரத்தை முன்கூட்டியே வைத்துவிட்டு, அந்தத் தூரத்துக்குள் ஆள் வரும்போது அமுக்குவது. பிலிம் காலத்துப் பத்திரிகைக்காரர்கள் அப்படித்தான் எடுத்தார்கள்.

கிட் லென்ஸில் இதைச் செய்ய முடியாது. அதன் வளையம் கண்ணாடியை நேரடியாக நகர்த்துவதில்லை, மோட்டாருக்குச் சைகை மட்டும் கொடுக்கிறது. தூரக் குறியும் இல்லை, இரு முனையிலும் நிற்பதும் இல்லை. கெமரா தூங்கி எழுந்தால் வைத்த தூரம் போய்விடும். பழைய லென்ஸில் எல்லாம் உலோகம். வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும்.

மாமாவின் லென்ஸ் இரண்டும் எம்42 திருகு வகை. பிரக்டிகா, பழைய பென்டெக்ஸ் கெமராக்களில் இருந்த 42 மி.மீ. மரை. அந்தக் கெமராக்களில் லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் பிலிமுக்கும் 45.46 மி.மீ. என் கெமராவில் சென்சருக்கு 18 மி.மீ. எனவே அடெப்டர் 27.46 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். மலிவு அடெப்டர் செய்கிறவர்கள் கொஞ்சம் மெலிதாகவே கடைகிறார்கள். தடித்துவிட்டால் தூரத்து மலை ஃபோகஸுக்கே வராது, மெலிந்தால் வந்துவிடும், வாங்கினவரும் சண்டைக்கு வரமாட்டார். ஆனால் லென்ஸில் எழுதியிருக்கும் மீற்றர் குறிகள் பொய்யாகிவிடும். 28 மி.மீ. லென்ஸில் அடெப்டர் 0.1 மி.மீ. மெலிந்தாலே முடிவிலி (மிகத் தூரத்துக்கான ஃபோகஸ்) ஏறக்குறைய 8 மீற்றர் குறியில் வந்துவிடும். 5 மீற்றர் தள்ளி நிற்கும் ஆள் 3 மீற்றர் குறியில் தெளிவார். 50 மி.மீ. லென்ஸில் இந்தக் கோளாறு இவ்வளவு கடுமையில்லை. அகல லென்ஸில்தான் அடெப்டரின் வஞ்சகம் பெரிதாகத் தெரியும்.

முதலில் சில்லறை வேலைகள். லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் விழ விடும் அமைப்பை மெனுவில் திறந்தேன். பழைய லென்ஸுக்கு மின் தொடர்பு இல்லாததால் கெமரா அதை லென்ஸாகவே எண்ணுவதில்லை. லென்ஸின் பின்னால் இருக்கும் சின்ன ஊசி அழுந்தாவிட்டால் அப்பர்ச்சர் (ஒளி புகும் துவாரம்) மூடாது, எனவே பக்கத்து விசையை ‘எம்’ பக்கம் தள்ளினேன். திருகி முடித்தபோது எண்களெல்லாம் பக்கவாட்டில் போய் நின்றன. அடெப்டரின் ஓரத்தில் இருக்கும் மூன்று சின்னத் திருகாணிகளைத் தளர்த்தி, உள்வளையத்தைத் திருப்பி, குறி மேலே வந்ததும் இறுக்கினேன்.

பிறகு பகலில் பெரட்டுக்களத்தில் (தோட்டத்து ஆட்கள் வேலைக்குக் கூடும் களம்) அளவு நாடாவோடு வேலை. கெமராவின் தலையில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் இருக்கும். சென்சர் இருக்கும் இடம் அது, தூரம் அளப்பது அங்கிருந்துதான். 2, 3, 5, 8 மீற்றரில் ஒவ்வொரு கம்பு நட்டு, எழுத்துப் பெரிதாக உள்ள பத்திரிகைத் தாளை ஒட்டினேன். லென்ஸை எஃப் 2.8இல் முழுக்கத் திறந்து, திரையைப் பெருக்கிப் பார்த்து, எழுத்து கூர்மையாகும் இடத்தில் வளையத்தின்மேல் ஒட்டிய டேப்பில் கோடு கிழித்தேன். அப்பர்ச்சரை மூடிவிட்டுக் குறித்தால் ஆழம் (முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் தூரம்) கூடி எல்லா இடமும் சரி போலத் தெரியும். முடிவிலிக்கு எதிர் மலையின் டவர்.

இருட்டில் கோட்டை வாசிக்க முடியாது. எனவே 5 மீற்றர் குறிக்கு நேரே ஒரு தீக்குச்சித் துண்டை சூப்பர் குளூ வைத்து டேப்பின்மேல் ஒட்டினேன். குச்சி நேர் கீழே, இடது பெருவிரலில் தட்டுப்பட்டால் 5 மீற்றர். ஒரு பக்கம் விரல் அகலம் தள்ளினால் 3, மறுபக்கம் கொஞ்சம் தள்ளினால் 8. பார்க்காமலே தூரம் வைக்க ஒரு மாலை பழகினால் போதும்.

இந்த லென்ஸைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் ஆழம். ஏபிஎஸ்-சி சென்சரில் 28 மி.மீ., எஃப் 2.8, 5 மீற்றரில் வைத்தால் ஏறக்குறைய 3.7 முதல் 7.8 மீற்றர் வரை கண்ணுக்குத் தெளிவு. அதே இடத்தில் 50 மி.மீ. லென்ஸ் எஃப் 2.8இல் 4.5 முதல் 5.6 வரைதான் கொடுக்கும். ஒரு மீற்றர் சொச்சத்துக்குள் கூத்தாடியை நிறுத்தி வைக்க நான் யார்?

கூத்து இரவு

பொட்டலுக்கு முன்கூட்டியே போய், காமன் கம்பத்திலிருந்து 5 மீற்றர் தள்ளி நான் நிற்கும் இடத்தில் ஒரு கல் வைத்தேன். கம்பத்தைச் சுற்றி ஆடுகிறவர்கள் இரண்டு மூன்று மீற்றருக்குள்தான் சுற்றுவார்கள் என்பதால் பெரும்பாலான ஆட்டம் என் தெளிவுக்குள் விழும். ஐஎஸ்ஓ 6400, எஃப் 2.8, 1/50 நொடி. இந்த 1/50 சும்மா வரவில்லை. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ட்யூப் லைட் நொடிக்கு நூறு தடவை மினுக்குகிறது. 1/50, 1/100 என்று வைத்தால் அந்த மினுக்கு முழுச் சுற்றாக முடியும், படத்தில் கறுப்புப் பட்டை விழாது. 1/50இல் ஆடும் கை கொஞ்சம் கலங்கும். கலங்கட்டும், முகம் நின்றால் சரி.

ரதியும் மன்மதனும் இறங்கியதும் தீக்குச்சி தன் வேலையைக் காட்டியது. பெருவிரல் 5இல் இருக்க, கண் முழுக்க ஆட்டத்தில் இருந்தது. பச்சைக் கட்டத்துக்குக் காத்திருக்கும் நேரம் இல்லாமல் போனதில் தப்பு மேளத்தின் அடியோடு சேர்ந்தே ஷட்டரை அமுக்க முடிந்தது.

ஒப்பனைக் கொட்டகையில் மட்டும் கிட் லென்ஸும் ஓட்டோ ஃபோகஸும். அங்கே ஆள் உட்கார்ந்திருப்பார், தூரம் குறைவு, ஒற்றைப் பல்ப். உதவி விளக்கின் சிவப்பொளி முகத்தில் விழுந்ததும் கூத்து வாத்தியார் திரும்பிப் பார்த்தார்.

“தம்பி, அந்த செவப்பு லைட்ட அணைச்சிருப்பா. ரதிக்கு மை தீட்டுறப்போ கண்ணு கூசுது.”

“சரிங்க வாத்தியாரே, அணைச்சிட்டேன்.”

மெனுவில் அணைத்துவிட்டு, சித்தப்பா மகனிடம் டோர்ச்சைக் கொடுத்தேன். டோர்ச் வாயில் எண்ணெய்த்தாள் ஒட்டி வெளிச்சத்தைக் குறைத்திருந்தேன். அவன் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து ரதியின் சீலைக் கரைமேல் ஒரு கணம் அடிப்பான். சரிகைக் கரையும் முகமும் கெமராவிலிருந்து ஒரே தூரம். கரையில் ஃபோகஸைப் பூட்டி, டோர்ச் அணைந்ததும் முகத்துக்குத் திருப்பி எடுத்தேன். ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்துப் பின்பக்கப் பட்டனுக்கு மாற்றியிருந்தால் இந்த வித்தை இன்னும் இலகு. பூட்டியது பூட்டியபடி இருக்கும், ஷட்டர் அமுக்கும்போது மறுபடி அலையப் போகாது.

நடுச்சாமம் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. மலையகத்தில் இரவில் படமெடுக்கிறவர்களுக்கு இது தெரிந்த தொல்லை. பனி எல்லா விளிம்பையும் ஒரே சாம்பல் நிறமாக்கிவிடும், கொன்ட்ராஸ்ட் முறைக்கு அதைவிடப் பகை வேறில்லை. டோர்ச்சைக் கெமராவின் பக்கத்திலிருந்து அடித்தால் பனித்துளிகள் திருப்பி அடித்து முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பும். டோர்ச்சைத் தூரக் கொண்டுபோய்ப் பக்கவாட்டிலிருந்து அடித்தால் ஓரளவு தப்பலாம். அளந்து வைத்த லென்ஸுக்குப் பனியைப் பற்றிக் கவலையில்லை. படம் மங்கலாக வரும், ஃபோகஸ் நிற்கும்.

எதிர்பாராத நல்லது ஒன்று, வீரபத்திரன் தீப்பந்தத்தோடு இறங்கியபோது. பந்த வெளிச்சம் பொட்டல் முழுவதையும் தூக்கிவிட்டது, ஓட்டோ ஃபோகஸே வேலை செய்யத் தொடங்கியது. ஆனால் கட்டத்தைச் சுடர்மேல் வைத்தால் அலைகிறது. சுடர் வெந்து வெள்ளையாகி, ஓரமும் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. மார்பில் குறுக்காக விழும் மாலையில் வைத்தால் உடனே பிடித்தது.

ஃபோகஸ் விளிம்பைச் சிவப்புப் புள்ளியால் காட்டும் பீக்கிங் வசதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருட்டில் அது இரைச்சலையும் விளிம்பு என்று எண்ணி திரை முழுக்க மினுங்கும். அளவைக் குறைத்து, படத்தின் பாணியைக் கறுப்பு வெள்ளையாக்கி வைத்தால் சிவப்புப் புள்ளி தனியாகத் தெரியும். கெமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரோ ஃபைலில் நிறம் பத்திரமாக இருக்கும். வெளிப்பாட்டைத் திரையில் அப்படியே காட்டும் அமைப்பை அணைத்துவிட்டால் வியூஃபைண்டர் தானே வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும். கண்ணுக்கு இவ்வளவு செய்தாலும் பெருவிரலில் தட்டுப்படும் குச்சியைத்தான் நான் நம்புவேன்.

மலை விளக்குகள்

கூத்து முடிந்த பின் அதே ஓட்டை அட்டைக்கு இன்னொரு வேலை கிடைத்தது. மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசி வெசாக் வரை சிவனொளிபாதமலைக்கு ஆட்கள் ஏறும் காலத்தில், படிவழி விளக்குகள் 2,243 மீற்றர் உச்சி வரை கோடு போட்டதுபோல எரியும். மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து அதை எடுக்கப் போனால் ஓட்டோ ஃபோகஸ் புள்ளி விளக்குகளில் ஏமாறுகிறது. விளக்கு வெந்து வெள்ளையாகிவிடுவதால், சற்றுக் கலங்கிய பெரிய வட்டமும் கூர்மையான புள்ளியும் அதற்குக் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. 50 மி.மீ. லென்ஸ், ஓட்டை அட்டை, திரையைப் பெருக்கி ஒரு விளக்கு. இரண்டு ஒன்றானதும் வளையத்தில் டேப் ஒட்டிப் பூட்டிவிட்டு அட்டையைக் கழற்றினால் போதும். அங்கே குளிரில் பெட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்றுப் பெட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்வது நல்லது.

28 மி.மீ. லென்ஸில் இந்த அட்டை அவ்வளவு உதவாது. எஃப் 2.8இல் அதன் துவாரமே 10 மி.மீ.தான், ஓட்டைகளை அதிகம் தள்ளிப் போட முடியாது, பிம்பமும் கொஞ்சம்தான் விலகும். அகல லென்ஸுக்கு அளவு நாடாவே வழி.

கூத்து இரவின் ஈரத்தில் வளையத்து டேப் ஓரம் கிளம்பிவிட்டது. கோடுகளை நகப்பூச்சால் வளையத்திலேயே மாற்றிப் போட்டு, தீக்குச்சிக்குப் பதிலாக சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் துண்டு ஒன்றை ஒட்டியிருக்கிறேன். அடுத்த வேலை அடெப்டரின் தடிமனைச் சரி செய்வது. சோடா தகர டின்னின் பக்கச் சுவர் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன், அதை வளையமாக வெட்டி அடெப்டரின் இரண்டு பாகத்துக்கும் நடுவே வைத்தால் லென்ஸில் எழுதிய எண்களே திரும்பச் சரியாகலாம். திருகாணி நீளம் அதற்கு இடம் கொடுக்குமா என்று கழற்றிப் பார்க்க வேண்டும்.